ஆடு புலி ஆட்டத்துக்கு ஒரு குரல்

நேயர்களுக்கு வணக்கம். ஆடு புலி ஆட்டத்த நம்ம செட்டிநாட்டுப் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல, திண்ணையிலயும் கோயில் கல்தரையிலயும் கோடு கிழிச்சு ஆடுனவுங்க நெறையப் பேரு இப்ப கேட்டுக்கிட்டு இருப்பீங்க. 3 புலி, 15 ஆடு, 23 இடம். புலி தாண்டி ஆட்ட வெட்டும், ஆடெல்லாம் சேந்து புலிய நகரவிடாம அடைக்கணும். இத பிரௌசர்ல ஆடுற மாதிரி செஞ்சு வச்சிருக்கேன், இன்னைக்குப் பேசப்போறது அதுக்குக் குரல் வச்சதப் பத்தி.

எங்க சித்தப்பா தேவகோட்டையில இருக்காரு, சுகர்ல ரெண்டு கண்ணும் போயிருச்சு. கம்ப்யூட்டர்ல ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில இருக்குற எழுத்த வாசிச்சுக் காட்டுற புரோகிராம் வச்சுப் பேப்பர் கேப்பாரு, ஆனா இந்த ஆட்டத்த தொறந்தா அது கம்முன்னு இருக்கும். ஏன்னா பலகை மொத்தமும் கேன்வாஸ்ங்கிற பிரௌசர் வரைபலகையில வரைஞ்ச ஒரே படம், எது ஆடு எது புலின்னு நாமளா எழுத்துல எடுத்துக் கொடுத்தாதான் அதுக்குத் தெரியும்.

பேச வைக்கிறது பெரிய வேலையில்லங்க. குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி எல்லாத்துலயும் பேச்சு வசதி உள்ளயே இருக்கு, ஒரு வரியக் கொடுத்தா படிச்சிரும். என்ன பேசணும், எத விடணும், அதுலதான் எல்லாமே இருக்கு.

அதனால புரோகிராம் எழுதறதுக்கு முன்னாடி சித்தப்பாகூட உக்காந்து வாயாலயே ஆடிப்பாத்தேன். மேல ஒத்தையா இருக்கறது உச்சி, அதுக்குக் கீழ மூணு வரிசையில ஆறு ஆறு, கடைசி வரிசையில நாலு, கூட்டிப்பாருங்க 23 வரும். உச்சி, மொத வரிசை நாலாவது, இப்படிப் பேரு வச்சது அவருதான், நான் ஒவ்வொரு நகத்தலுக்கும் பலகை மொத்தத்தையும் சொல்ல ஆரம்பிச்சேன், பாதியிலயே நிறுத்திட்டாரு. "எல்லாத்தையும் ஒப்பிக்காத ஆத்தா, பலகை எனக்கு மனசுல நிக்கிது, மாறுனத மட்டும் சொல்லு." சரின்னு கொஞ்சம் போனதும், சித்தப்பா அந்த ஆட்டப் புலி வெட்டிரும்னேன், வந்துச்சே கோவம்! "அத நான் பாத்துக்கிறேன், நீ எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு." எவ்வளவு நியாயம் பாருங்க. பாக்குறவுங்களுக்கும் ஆபத்த யாரும் சொல்றதில்ல, அவுங்களாத்தான் கண்டுபிடிக்கிறாங்க. அதனால எங்க குரல் யோசனை சொல்லாது. "புலி, உச்சியில இருந்து மொத வரிசை மூணாவது", முடிஞ்சுச்சு. சந்தேகம்னா ஒரு கீய அமுக்குனா அந்த இடத்துக்குப் பக்கத்துல யாரு இருக்கான்னு சொல்லும், கேட்டாதான் சொல்லும். திரும்பவும் சொல்றேன், மாறுனது மட்டும், கேட்டது மட்டும்.

இன்னொண்ணு, பிரௌசர் நாம கொடுத்த வரியையெல்லாம் வரிசையில போட்டுப் பொறுமையாப் படிக்கும், ஆட்டம் வேகமாப் போனா குரல் ரெண்டு நகத்தல் பின்னாடி வரும், ரயில் போனப்புறம் வர்ற ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. அதனால புது நகத்தல் வந்ததும் பழசக் கேன்சல் பண்ணிட்டுப் புதுசப் பேசவிடணும். வேகத்தையும் ஆடுறவுங்க கையில விடணும், சித்தப்பா கேக்குற வேகத்துல உங்களுக்கும் எனக்கும் ஒரு வார்த்த புரியாது!

நேரமாச்சுன்னு கையக் காட்டுறாங்க, அதனால வேகமா சொல்லிர்றேன். என்விடிஏன்னு இலவச ஸ்கிரீன் ரீடர் இருக்கு, 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சது, அந்த மாதிரி ஏற்கனவே வச்சிருக்கவுங்க ஆட்டத்தோட சொந்தக் குரல அணைச்சிருங்க, இல்லன்னா ரெண்டு குரல் ஒண்ணா பேசும். அணைச்சாலும் நகத்தல் எழுத்தா போயிரும், உங்க ரீடரே படிச்சுக்கும். ஆண்ட்ராய்டு போன்ல தமிழ்க் குரல் இல்லன்னா செட்டிங்ஸ்ல ஆக்சசிபிலிட்டிக்குள்ள டெக்ஸ்ட் டு ஸ்பீச்னு இருக்கும், அதுல தமிழ டவுன்லோட் பண்ணிக்கங்க. அப்புறம், ஒரு தடவ தட்டாம குரோம் பேசவே பேசாது, அதனால ஆரம்பிங்கிற பட்டன மொதல்ல தட்டுங்க. நன்றி, வணக்கம்.