முதலில் ட்ரெமோலோ, பிறகு பிக்கப்

நேயர்களுக்கு வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தக் கருவியைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் வரிசையை மாற்றச் சொல்வேன். பிக்கப் பிடிக்காவிட்டால் சால்டரிங் தெரிந்த ஒருவர் ஒரே மாலையில் மாற்றிக் கொடுத்துவிடுவார். கைப்பிடியால் சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ அப்படியல்ல. அது உட்காருவதற்காகக் கிட்டாரின் மரத்தையே குடைந்திருப்பார்கள். ஒன்றுக்காகக் குடைந்த குழியில் இன்னொன்று எளிதில் பொருந்தாது.

கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜோடு சேர்ந்ததுதான் அந்தக் கைப்பிடி. அதை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டதும் பழைய இடத்துக்கு வர வேண்டும். வம்பெல்லாம் அங்கேதான். 1954இல் வந்த ஃபென்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் ஏற்பாடுதான் இன்றும் பரவலாக இருக்கிறது. முன்புறம் தந்திகள் இழுக்கின்றன. முதுகுப்புறக் குழியில் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. 09 அளவுத் தந்திகள் (மெல்லிய தந்தி 0.009 அங்குலத் தடிமன்) ஆறும் சேர்ந்தால் சுமார் 38 கிலோ இழுப்பு. தராசு முள்போல பிரிட்ஜ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதனால் ஒரு தந்தியை விரலால் வளைத்தாலே பிரிட்ஜ் முன்னே சாய்ந்து மற்ற ஐந்தும் கொஞ்சம் தாழும். ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தம் கிட்டாரின் குழியில் மரத்துண்டைச் செருகி பிரிட்ஜை அசையாமல் நிறுத்திவிட்டார். இன்னொரு கலைஞர் ஜெஃப் பெக்கோ அதே கைப்பிடியைக் கொண்டு மெட்டுகளைக் குரல்போலப் பாடவைத்தார். நீங்கள் எந்தப் பக்கம் என்று கடைக்குப் போகுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

1970களின் இறுதியில் ஃபிலாய்ட் ரோஸ் வடிவமைத்த ஏற்பாடு தந்தியை நட்டிலும் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் இடுக்குகள் கொண்ட பட்டை) பிரிட்ஜிலும் இறுக்கிப் பூட்டிவிடுகிறது. கைப்பிடியை எவ்வளவு முரட்டுத்தனமாக ஆட்டினாலும் சுருதி திரும்பி வரும். ஆனால் மேடையில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி மாறிவிடும். தந்தி மாற்றுவதற்கும் அறுகோணச் சாவியும் பொறுமையும் வேண்டும். அதிரடி ராக் வாசிக்காதவர்களுக்கு இந்தத் தொல்லை எதற்கு?

கடையில் செய்ய வேண்டிய சோதனை எளிது. சுருதி சேர்த்து, கைப்பிடியை நன்றாக அழுத்தி விட்டுவிட்டு, மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாம் தந்தியைக் கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். முறுக்காணியைத் திருப்பும்போது நட்டின் பக்கம் 'டிக்' என்று ஒலித்தால், தந்தி அங்கே சிக்கி நிற்கிறது. பலர் ட்ரெமோலோவைத் திட்டுவார்கள். குற்றவாளி நட்டின் இடுக்கு. பென்சில் கரியைத் தடவினாலே பாதி சரியாகும். அதற்கும் மசியாவிட்டால் பழுதுபார்ப்பவர் அந்த இடுக்கை அராவிக் கொடுப்பார்.

இனி பிக்கப். ஒரே கம்பிச் சுருள் கொண்ட வகையான சிங்கிள் காயிலின் ஒலி பளிச்சென்று இருக்கும். விரலின் சிறு அசைவும் கேட்கும். கூடவே இரைச்சலும் வரும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வையும், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலையும் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் உருவாக்கிய ஹம்பக்கரில் இரண்டு காயில்கள். காந்தத் திசையும் சுற்றும் எதிரெதிராக இருப்பதால் தந்தியின் ஒலி கூடுகிறது, இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிறது. ஒலி கனமாகிறது, பளபளப்பு கொஞ்சம் குறைகிறது. பிரிட்ஜ் அருகே ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்தருகிலும் சிங்கிள் காயில் என்று வரும் கிட்டார், முதல் கிட்டார் வாங்குபவருக்கு என் தேர்வு.

சிங்கிள் காயிலைத் தந்திக்கு மிக நெருக்கமாக உயர்த்தினால் காந்தம் தந்தியையே இழுக்கும். கழுத்தில் உடலை ஒட்டிய பகுதியில் தடித்த தந்திகளை மீட்டும்போது சுருதி தள்ளாடும். அந்தப் பழியும் ட்ரெமோலோவின் தலையிலேயே விழுகிறது! பக்கத்துத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திப் பிக்கப்பைத் தாழ்த்திப் பாருங்கள்.

ஹம்பக்கரைப் பிறகு மாற்ற எண்ணினால், முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ட்ரெமோலோ பிரிட்ஜ்களில் அது பெரும்பாலும் 52 மில்லிமீட்டருக்குக் குறையாது. பழைய கிப்சன் அளவில் செய்த பிக்கப்பின் காந்த முனைகள் சுமார் 49 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஓரத்துத் தந்திகள் முனைகளை விட்டு விலகி ஓடும். அகலமான வகையைக் கேட்டு வாங்குங்கள். வணக்கம்.