பக்கவாத்தியம் இல்லாத ஓர் ஆல்பம்

வணக்கம் நண்பர்களே. இன்று நான் பேசப்போவது, கேங் ஆஃப் ஃபோர் என்ற பிரிட்டன் குழு 1979இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பற்றி. பெயர் ‘என்டர்டெயின்மென்ட்!’. லீட்ஸ் நகரத்தில் உருவான குழு இது. பாடகர் ஜான் கிங், கிடார் கலைஞர் ஆண்டி கில் இருவரும் அங்கே பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர்கள்.

அரசியல் பாட்டு என்றதும் முழக்கம்தான் நினைவுக்கு வரும். இவர்களோ அரசியலை வாத்தியத்திலேயே வைத்துவிட்டார்கள். கில்லின் கிடாரைக் கவனியுங்கள். சோலோ என்று நீட்டி முழக்குவதே இல்லை. நறுக் நறுக்கென்று வெட்டுகிறது, சட்டென்று நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் டேவ் ஆலனின் பேஸ் கிடார் முன்னால் வந்து நிற்கிறது, ஹியூகோ பர்னமின் டிரம்ஸ் தன் வழியில் போகிறது. இங்கே யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை! வால்வு ஆம்ப்ளிஃபயரின் இதமான ஒலிகூட வேண்டாமென்று, கறாராக ஒலிக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைத்தான் கில் விரும்பினார்.

கடைசிப் பாட்டு ‘ஆந்த்ராக்ஸ்’. ஒரு கொடிய தொற்றுநோயின் பெயர் அது. தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். முதலில் கிடார் தனியாக நெடுநேரம் அலறுகிறது. பிறகு இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. கிங், காதலை ஒரு நோயாகப் பாடுகிறார். கில்லோ, இசைக்குழுக்கள் எதற்காக இத்தனை காதல் பாட்டுகள் பாடுகின்றன என்று வெறும் பேச்சுக் குரலில் விளக்கிக்கொண்டிருக்கிறார். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவிவிடும். காதல் பாட்டும் அதைப் பற்றிய விசாரணையும் ஒரே பாட்டுக்குள்! எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சம் இதுதான்.

‘ஈத்தர்’ பாட்டில் வட அயர்லாந்துச் சிறைக் கொடுமை வருகிறது, ‘5.45’இல் தேநீர் நேரத்துத் தொலைக்காட்சிச் செய்தியில் போர் ஓடுகிறது.

பெரிய இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயில் சேர்ந்துகொண்டு முதலாளித்துவத்தை எதிர்த்துப் பாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த ஆல்பத்தில் உள்ள ‘அட் ஹோம் ஹீஸ் எ டூரிஸ்ட்’ பாட்டுக்கு, பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. நாடே பார்த்த நிகழ்ச்சி அது. ஆணுறையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். குழு வேறொரு சொல்லைத் தர முன்வந்தது. ஆனால் பிபிசி கேட்ட சொல்லோ பாட்டின் பொருளையே கெடுத்துவிடும். பாடாமலே வெளியேறினார்கள். அந்தப் பாட்டு பிரிட்டன் தரவரிசையில் 58ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் செய்ததுதான் சரி என்பேன்.