நிலத்துக்குத் தகுந்த கனி

(புதுச்சேரியில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. திரும்பத் திரும்பச் சொன்ன சில இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

தலைமை தாங்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைக் கொடுத்து மின்விசிறியையும் ஓடவிட்டிருக்கும் அரிசி மண்டி முதலாளி அவர்களே, என் பிரெஞ்சு உச்சரிப்பைத் திருத்துவதற்கென்றே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா அவர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் செயலாளரைக் கேளுங்கள். அவர் கொடுத்த சீட்டில் இருப்பதைத்தான் வாசித்தேன்.

புதுச்சேரியில் மதுவைப் பற்றிப் பேச வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட வேண்டுமா என்று வாசலில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நான் பேச வந்தது குடியைப் பற்றி அல்ல, ஒரு நாலரை ஏக்கர் நிலத்தைப் பற்றி. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். முதலில் மண். அடுத்து அந்த மண்ணை வைத்திருந்த மனிதர்கள். மூன்றாவது, திராட்சை எப்படி மிடாவில் நொதித்துப் பீப்பாயில் முதிர்கிறது என்பது.

எங்கள் பாட்டி ஒரு பழமொழி சொல்வார்: ‘நிலத்துக்குத் தகுந்த கனி, குலத்துக்குத் தகுந்த குணம்.’ பின்பாதி எனக்கு ஆகாது. அதை எந்த மேடையிலும் நான் சொல்வதில்லை. இன்று சொன்னது வேண்டாம் என்று சொல்வதற்காக மட்டும். முன்பாதி போதும். நிலத்துக்குத் தகுந்த கனி.

பிரான்சின் கிழக்கே பர்கண்டி. அங்கே வோன்-ரொமானே என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு மேற்கே மெல்ல ஏறும் சரிவில், கிழக்கு பார்த்து, 1.81 ஹெக்டேர், அதாவது நான் சொன்ன நாலரை ஏக்கர், திராட்சைத் தோட்டம். பெயர் ரொமானே-கோந்தி. கல்சுவர் ஓரத்தில் ஒரு கல் சிலுவை நிற்கும், அவ்வளவுதான் அடையாளம். பினோ நுவார் என்ற ஒரே திராட்சை. ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில் மதுதான் தேறும். தலைமாட்டை ஒட்டியிருக்கும் தோட்டம் லா ரொமானே, ஒரு ஹெக்டேர்கூட இல்லை; அதற்கு வேறு பெயர், வேறு உடைமையாளர், வேறு சுவை. பக்கத்திலேயே ரிஷ்பூர், சற்றுத் தள்ளி லா தாஷ். எல்லாம் அதே பினோ நுவார்தான். சரிவின் உச்சியில் மண் மெலிந்து பாறை தட்டும், அடிவாரத்தில் நீர் தேங்கும். நடுவயிற்றில்தான் சுண்ணாம்புக் கல்லும் களியும் அளவாகச் சேர்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. மண்ணில் இன்றும் சிப்பி கிடைக்கும். நிலத்துக்குத் தகுந்த கனி.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் துறவிகள். செயின்ட் விவான் மடத்துத் துறவிகள் இந்தச் சரிவில் பயிரிட்டார்கள். பக்கத்து ஊரில், சீத்தோ மடத்துக்காரர்கள் க்ளோ தெ வூழோ என்ற பெரிய தோட்டத்தைச் சுவர் எழுப்பி வளைத்தார்கள். எந்தத் துண்டில் எது எப்படி விளைகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனிக்க மடத்துக்குத்தான் பொறுமை இருந்தது. 1395இல் பர்கண்டியின் கோமகன், துணிச்சல்கார பிலிப், ஓர் ஆணை போட்டார்: மலிவாக அள்ளிக் கொடுக்கும் கமே என்ற திராட்சையைப் பிடுங்கி எறியுங்கள், விளைச்சலைப் பெருக்க எருவைக் கொட்டாதீர்கள் என்று. குடியானவன் வயிற்றில் அடித்த ஆணை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் இன்று பர்கண்டிக்கு இருக்கும் பெயரில் அதற்கும் பங்கு உண்டு.

1760இல் கோந்தி இளவரசர் லூயி-பிரான்சுவா இந்தத் தோட்டத்தை வாங்கினார். மன்னர் 15ஆம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூரும் இதற்குப் போட்டியிட்டார் என்று ஒரு கதை உண்டு. இளவரசர் அந்த மதுவை விற்கவில்லை. தன் வீட்டு விருந்துக்கே வைத்துக்கொண்டார். அப்புறம் புரட்சி வந்தது. அரசு பறிமுதல் செய்து ஏலம் விட்டது. இளவரசர் பட்டம் போயிற்று, பெயர் மட்டும் தோட்டத்தில் ஒட்டிக்கொண்டது. 1869இல் துவோ-ப்ளோஷே என்ற வணிகரிடம் வந்து, அவர் வழியில் தெ வில்லேன் குடும்பத்துக்கு இறங்கியது. 1942இல் லெருவா குடும்பம் பாதிப் பங்கை வாங்கியது. இன்றும் இரு குடும்பமும்தான்.

இடையில் ஒரு பூச்சி. ஃபிலாக்சேரா, அமெரிக்காவிலிருந்து வந்தது, வேரைத் தின்றுவிடும். பிரான்சில் பெரும்பாலோர் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித் தப்பித்தபோது, இவர்கள் மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடு மருந்தைச் செலுத்திப் பழைய கொடிகளைக் காப்பாற்றிக்கொண்டே வந்தார்கள். போர்க்காலத்தில் மருந்து கிடைக்கவில்லை. 1945 அறுவடையில் கிடைத்தது சுமார் 600 பாட்டில். அதோடு கொடிகளைப் பிடுங்கி, ஒட்டுக்கன்று நட்டு, 1952 வரை ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை. அந்த 1945 பாட்டில் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போயிற்று. அன்றைய கணக்கில் நாலு கோடி ரூபாய். மண்டி முதலாளி சிரிக்கிறார்.

இப்போது ஒரு கதை. 2010 ஜனவரி. தோட்டத்தை நடத்திவந்தவர் ஓபேர் தெ வில்லேன், எழுபது வயதுப் பெரியவர். அவருக்கு ஒரு பார்சல் வருகிறது. பிரித்தால் உள்ளே தோட்டத்தின் வரைபடம். ரொமானே-கோந்தியின் ஒவ்வொரு கொடியும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது! கூடவே ஒரு மிரட்டல். யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம் இன்னொரு பார்சல். பத்து லட்சம் யூரோ தராவிட்டால் தோட்டத்தையே அழித்துவிடுவேன், நம்பாவிட்டால் இந்த இரண்டு கொடிகளைப் போய்ப் பாருங்கள் என்று வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறான். போய்ப் பார்த்தால் அடித்தண்டில் துளை. துரப்பணத்தால் துளைத்து, ஊசியால் களைக்கொல்லி ஏற்றியிருக்கிறான். யோசித்துப் பாருங்கள். குளிர்காலம், இலை உதிர்ந்து வெறும் கட்டைகளாக நிற்கும் கொடிகள், நடு இரவு, ஊர் தூங்குகிறது, ஒருவன் முழங்காலிட்டுக் கொடி கொடியாகத் துளை போடுகிறான். போலீஸ் என்ன செய்தது? பணம் தருகிறோம் என்று சொல்லச் சொன்னது. பக்கத்து ஊரான ஷம்போல்-முய்சிஞியின் கல்லறைத் தோட்டத்தில் பையை வைக்கவேண்டும் என்று ஏற்பாடு. பைக்குள் அத்தனையும் போலி நோட்டு. இருட்டில் ஆள் வந்தான், பையைத் தூக்கினான், மாட்டினான். விசாரித்தால், சிறு வயதில் அந்தப் பக்கத்துப் பள்ளியிலேயே திராட்சை வளர்ப்புப் படித்தவன். பக்கத்துக் காட்டில் குடிசை போட்டு ஒளிந்திருந்தான். அந்த ஆண்டே சிறையில் தூக்கிட்டுக்கொண்டான். அவன் சாவில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். மிரட்ட வந்தவன்கூட அந்த நிலத்தைக் கொடி கொடியாக வரைந்து வைத்திருந்தான். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தாத்தா உழுத வயலின் எல்லை தெரியும்?

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆகவே மிடாவையும் பீப்பாயையும் அப்படியே விட்டுவிடுகிறேன். நான் வந்த வேலைக்கு வருகிறேன்.

அதே தெ வில்லேன்தான் பிறகு முன்னின்று பாடுபட்டு, 2015இல் பர்கண்டியின் திராட்சைத் துண்டுகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினார். மொத்தம் 1,247 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயர் இருந்ததால் ஏற்ற முடிந்தது. பிரான்ஸ் 1930களிலேயே ஊர்ப்பெயரைச் சட்டமாக்கிக் காத்தது. நாம் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை 1999இல்தான் கொண்டுவந்தோம். சரி, பரவாயில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் குறியீடு கிடைத்தது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கிடைத்தது. அந்தத் திராட்சையையும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கம்பத்து மண்ணுக்கு வந்ததும் அது கம்பத்துக் கனியாகிவிட்டது. நிலத்துக்குத் தகுந்த கனி!

ஆனால் ஊர்ப்பெயரோடு நாம் நின்றுவிடுகிறோம். வயலுக்குப் பெயர்? பட்டாவில் சர்வே எண் இருக்கிறது, உட்பிரிவு இருக்கிறது, பெயர் இல்லை. பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு, கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்தபோது நான்கு திசை எல்லையையும் தமிழில் சொல்கிறது. அதே பாகூர்ப் பக்கம் ஒரு ஆயாவோடு வரப்பில் நடந்தேன். கைநீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்: நண்டுக்குழிக் கழனி, தாழம்புதர், மூணுமூலை, ஏத்தக்கால். ‘ஏத்தக்கால்ல ஏத்தம் எங்க ஆயா?’ என்றேன். ‘அது எங்கப்பன் காலத்துலயே போச்சு. பேரு கெடக்கு’ என்றார். மூணுமூலையில் போட்ட நெல் சோறு பழையதுக்கு நல்லா இருக்கும், நண்டுக்குழி நெல்லு அவலுக்குத்தான் ஆகும் என்றும் சொன்னார். பர்கண்டித் துறவிகள் எழுதி வைத்தார்கள், ஆயா எழுதவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மூணுமூலையில் இப்போது மனைக்கல் நட்டுவிட்டார்கள்.

சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஐயா இங்கேயே இருப்பதால் நேராகவே கேட்கிறேன். வயல் பெயரையும் நிலப் பதிவேட்டில் ஒரு கட்டமாகச் சேர்க்கச் சொல்லி நாங்கள் ஒரு மனு தயாரித்திருக்கிறோம். நீங்கள் முதல் கையெழுத்துப் போடவேண்டும். வாசல் மேசையில், மனுவுக்குப் பக்கத்தில், ஒரு நீளநோட்டு இருக்கிறது. தேநீருக்குப் போகும் வழியில் உங்கள் ஊர், உங்களுக்குத் தெரிந்த வயல் பெயர், அதில் என்ன நன்றாக விளையும், இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். சர்வே எண் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதை நாங்கள் தேடிக்கொள்கிறோம். பெயர் நினைவுக்கு வராதவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்போதே போன் போட்டுக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.