கொடைக்கானல் அடுப்பில் பிஸ்கட்

கொடைக்கானல் பண்பலை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பிஸ்கட் சுட ஆசைப்படுகிறவர்கள் முதலில் என்னிடம் கேட்பது, எந்த ஓவன் வாங்கலாம் என்றுதான். ஓவன் இருக்கட்டும், முதலில் ஒரு தராசு வாங்குங்கள் என்பேன், கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு. மைதாவைக் கப்பில் அழுத்தி அள்ளினால் ஒரு எடை, சலித்துப் போட்டால் இன்னொரு எடை, ஒரே கப்பில் 30 கிராம் வரைக்கும்கூட வித்தியாசம் வரும், பிஸ்கட் கல்லாகிப் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

தராசு வந்துவிட்டால் கணக்கு சுலபம். சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100, மைதா 150. முட்டையும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். சர்க்கரையைப் பொடித்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் மாவு தட்டில் அதிகம் பரவிவிடும்.

இதில் சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள் வெண்ணெய். மூன்றே பொருள் போடுகிற பிஸ்கட்டில் வாசனை முழுக்க அதிலிருந்துதானே வர வேண்டும்? வனஸ்பதி போட்டால் மொறுமொறுப்பு வரும், ஆனால் வாயில் கரையாது, மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். உப்பில்லாத வெண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றால், சரி, தனியாக உப்புச் சேர்க்காதீர்கள்.

விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், வெண்ணெய்க்கு அதுதான் பதம். மதுரையில் இருக்கிறவர்களுக்கு அது உருகி ஓடுகிறது என்று கவலை, நமக்கோ மார்கழியில் வெளியே வைத்தாலும் கட்டியாகவே கிடக்கும். அடுப்பில் காட்டி உருக்கிவிடாதீர்கள். கேரட் துருவியில் துருவிப் போட்டால் பத்து நிமிஷத்தில் இளகிவிடும். பிசைந்த மாவை இறுக வைக்க ஃப்ரிட்ஜும் தேவையில்லை, சன்னலோரம் அரைமணி நேரம் போதும், அந்த விஷயத்தில் மலைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பேக்கிங் பவுடர் போடுகிற வகை என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாம் இருப்பது ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், இங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. மாவுக்குள் உண்டாகும் வாயுவும் கூடுதலாக விரியும், அதனால் பிஸ்கட் உப்பி அப்புறம் நடுவில் அமுங்கிவிடும். சமவெளிச் செய்முறையில் ஒரு டீஸ்பூன் என்றிருந்தால் நான் முக்கால்தான் போடுகிறேன்.

இப்போது ஓவனுக்கு வருகிறேன். பிஸ்கட்டுக்கு மட்டும் என்றால் மேலும் கீழும் கம்பி சூடாகிற சாதாரண ஓடிஜி, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த சின்ன மின் அடுப்பு, தாராளம், 25 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள், அதைவிடச் சின்னதில் தட்டு கம்பிக்குப் பக்கத்தில் போய்விடும். கூடவே உள்ளே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். என் முதல் ஓவனில் 170 என்று திருகினால் உள்ளே 200 இருந்தது, அது தெரியாமல் நான்கு தட்டு பிஸ்கட்டை அடி கருக்கி, மாவு சரியில்லை என்று மளிகைக்கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன், பாவம் அவர். தட்டு வெளிர் நிற அலுமினியத்தில் இருக்கட்டும், கறுப்புத் தட்டு சூட்டை அதிகமாக இழுத்து அடியைத் தீய்த்துவிடும்.

ஆறிய உடனே எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்துவிடும். பனிமூட்டம் இறங்குகிற நாளில் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகும். போனாலும் தூக்கிப் போட வேண்டாம், 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்து ஆறவிடுங்கள், மறுபடி மொறுமொறுவென்று ஆகிவிடும்.