வளைந்த சுவர், வளைந்த செங்கல்: ஆல்டோவின் பேக்கர் விடுதி

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் சிவப்புச் செங்கல்லில் வளைந்து நெளிந்து நிற்பதுதான், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், சார்லஸ் நதியைப் பார்த்தபடி அமைந்துள்ள பேக்கர் விடுதி; எம்.ஐ.டி. என்னும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் விடுதி. இதை வடிவமைத்தவர் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ. இங்கே வருகைதரு பேராசிரியராக இருந்தபோது 1946இல் அவர் தொடங்கிய இந்த வேலை, 1949இல் நிறைவு பெற்றது.

இந்த நெளிவை வெறும் அழகுக்கானது என்று பலர் எண்ணுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. சாலைக்கும் நதிக்கும் அருகே கிடைத்த மனையின் நீளம் ஓர் அளவுக்கு உட்பட்டது. நதியைப் பார்க்க விரும்பும் மாணவர்களோ ஏராளம். நீட்டிவைக்க இடமில்லாத கயிற்றை நெளித்து வைத்தால் முழு நீளமும் அடங்கிவிடுவதைப்போல, சுவரை நெளியவிட்டு, தெற்கு நோக்கிய அறைகளின் எண்ணிக்கையை ஆல்டோ கூட்டினார். அதோடு, விடுதிக்கும் நதிக்கும் நடுவே வாகனங்கள் ஓயாமல் ஓடும் சாலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான சன்னல்கள் அதற்குச் சாய்வாகத் திரும்பியிருப்பதால், பார்வை எதிரே விரையும் வண்டிகளில் முட்டாமல், நதியின் நீளவாக்கில் வெகுதூரம் செல்கிறது.

வெளியே உள்ள வளைவு உள்ளே அறையின் வடிவமாகிறது. ஒரு தளத்தில் 43 அறைகள் என்றால், அவற்றில் 22 வெவ்வேறு வடிவங்கள். பல அறைகள் ஆப்பைப்போல ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிகின்றன. நான் தங்கிப் படித்த விடுதியில் எல்லா அறைகளும் ஓர் அச்சில் வார்த்தவை. கதவிலிருந்த எண்ணைப் பார்த்துத்தான் என் அறையைக் கண்டுபிடிப்பேன். ஆகவே, 'இது என் அறை' என்று சொல்வதற்கு ஒரு மாணவருக்குச் சுவரே காரணம் தருவதை நான் பெரிய மரியாதையாகக் கருதுகிறேன்.

இப்போது கேமராவைச் சுவருக்கு அருகே கொண்டு செல்கிறேன். இந்தக் கல்லைப் பாருங்கள்: சூளையில் அதிகமாக வெந்து, கறுத்து, வாழைப்பழம்போல் வளைந்து, மற்ற கற்களைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. வேறொரு கட்டடமாக இருந்தால் இதைக் கழித்து ஒதுக்கியிருப்பார்கள். ஆல்டோ அப்படிப்பட்ட கற்களையும் விரும்பிச் சேர்த்துக்கொண்டார். விரலால் தடவும்போது சொரசொரப்பும் மேடுபள்ளமும் நன்றாகத் தெரிகின்றன. தூரத்திலிருந்து பார்க்கும்போது இத்தனை பெரிய சுவர் தட்டையாகத் தோன்றாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

வடக்குப் பக்கத்தின் முகம் வேறு. சுவரை ஒட்டி வெளியே துருத்தியபடி நீண்ட படிக்கட்டுகள் சாய்வாக ஏறிச் செல்கின்றன. உள்ளே மாணவர்கள் ஏறி இறங்குவதே கட்டடத்தின் வெளித்தோற்றமாகிவிடுகிறது. நதிப் பக்கம் முன்னால் தாழ்வாக நிற்கும் உணவுக்கூடத்துக்குக் கூரையிலுள்ள வட்டத் திறப்புகள் வழியே வெளிச்சம் இறங்குகிறது.

விடுதியின் பெயர், மாணவர் நலத் தலைவராக இருந்து 1950இல் எகிப்தில் நடந்த விமான விபத்தில் உயிரிழந்த எவரெட் பேக்கரின் நினைவாக இடப்பட்டது.

மாலை வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. தென்மேற்கே திரும்பிய சன்னல்கள் மட்டும் இப்போது ஒளிர்கின்றன. தென்கிழக்கே திரும்பியவை காலையில் தங்கள் பங்கைப் பெற்றுவிட்டன.