மோனா லிசாவுக்கு ஏன் புருவம் இல்லை? ஒரு சிறுமியின் கேள்வியும் லியோனார்டோவும்

வணக்கம். இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

எழுதியிருப்பவர் ஓர் அம்மா. மகளுக்கு எட்டு வயது. "விடுமுறையில் பெரிய ஓவியர் ஒருவரை அவளுக்கு அறிமுகப்படுத்தலாம் என்று லியோனார்டோ டா வின்சியைத் தேர்ந்தெடுத்தேன். மோனா லிசா படத்தைக் காட்டி, உலகத்திலேயே புகழ்பெற்ற ஓவியம் இதுதான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். 'இந்த அத்தைக்கு ஏன் புருவமே இல்லை?' என்று கேட்டாள். பிறகு விளையாட ஓடிவிட்டாள். ஆர்வமே இல்லை. எந்த வயதில் ஆரம்பிப்பது? எங்கிருந்து ஆரம்பிப்பது? அவருடைய பெற்றோர் மணம் செய்துகொள்ளாதவர்கள் என்பதையும், அவர் பிணங்களை அறுத்துப் பார்த்தார் என்பதையும் குழந்தையிடம் சொல்லலாமா?" இதுதான் கடிதம்.

அம்மா, ஆர்வம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போய், கூட்டத்தில் முட்டி மோதி, அந்தப் படத்தின் முன்னால் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற பெரியவர்களில் எத்தனை பேர் புருவத்தைக் கவனித்திருப்பார்கள்? உங்கள் மகள் கவனித்துவிட்டாள். லியோனார்டோவின் வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதியவர் வசாரி. அவர் அந்தப் புருவத்தின் முடிகள் எங்கே அடர்த்தி, எங்கே மெல்லியவை என்றெல்லாம் வர்ணிக்கிறார். இன்று படத்தில் அதைக் காணோம். துடைத்துச் சுத்தம் செய்ததில் போயிற்றா, காலத்தில் மங்கிற்றா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். லியோனார்டோ இறந்தபோது வசாரிக்கு ஏழெட்டு வயதுதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்வதில் பாதி, பிறர் சொல்லக் கேட்டது.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: ஓவியரைக் குழந்தைக்கு அறிமுகப்படுத்தும்போது புகழ்பெற்ற படத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வான்காவைப் பற்றிப் பேசியபோதும் சொன்னேன். லியோனார்டோவுக்கு அது இன்னும் பொருந்தும். அவருடைய ஓவியங்கள் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை இருபதுகூடத் தேறாது. ஆனால் அவருடைய குறிப்பேட்டுப் பக்கங்கள் ஏழாயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஓவியன் எப்போதும் ஒரு சிறு குறிப்பேட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கிருந்து ஆரம்பியுங்கள். அந்தப் பக்கங்களில் இருப்பவர் தாடி வைத்த மகான் இல்லை. உங்கள் மகளைப் போலக் கேட்டுக்கொண்டே இருக்கிற ஓர் ஆள்.

'மரங்கொத்தியின் நாக்கை விவரித்து எழுத வேண்டும்' என்று ஓரிடத்தில் தனக்குத்தானே குறித்து வைத்திருக்கிறார். கூடவே முதலையின் தாடை. யாரும் பணம் கொடுத்துக் கேட்ட வேலை இல்லை இது. அந்த நாக்கைத் தாங்கும் எலும்பும் தசையும் மண்டையோட்டின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகின்றன என்பதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். பிறகு அவளே அடுத்த கேள்வியைக் கேட்பாள்.

இன்னொரு பக்கம் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில், வின்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. இணையத்தில் பார்க்கலாம். தாள் முழுவதும் பூனைகள், இடையில் சிங்கங்களும் உண்டு. தூங்கும் பூனை, சண்டையிடும் பூனை, உடம்பை நக்கும் பூனை. அவற்றின் நடுவே ஒரு சின்ன டிராகன்! பெயர், ஆண்டு எதையும் சொல்லாமல் அந்தத் தாளைக் காட்டி, "இதில் பூனையும் சிங்கமும் அல்லாத ஒன்று இருக்கிறது, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள்.

எழுத்தையும் காட்டுங்கள். அவர் இடது கைக்காரர். வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகத் தெரியும்படி எழுதினார். ரகசிய எழுத்து என்று சிலர் கதை கட்டுவார்கள். இடது கையால் இடமிருந்து வலமாக எழுதினால், கை ஈர மையின் மேல் தேய்ந்துகொண்டே போகும். திருப்பி எழுதினால் தேயாது. எனக்கு இந்த எளிய காரணம் போதும். குழந்தையைத் தன் பெயரைத் தமிழில் அப்படி எழுதச் சொல்லிக் கண்ணாடி முன் பிடிக்கச் சொல்லுங்கள். ட, ர எல்லாம் படுத்தும் பாட்டில் ஒரு பிற்பகல் போய்விடும்.

இதைச் சொல்லும்போது என் அக்கா மகன் நினைவுக்கு வருகிறான். அவனும் இடது கைக்காரன். சாப்பாட்டுத் தட்டில் இடது கை போகும்போதெல்லாம் பாட்டி தட்டிவிடுவார்கள், பென்சிலைப் பிடித்தாலும் மாற்றி வைப்பார்கள். பையன் எழுதுவதையே வெறுக்க ஆரம்பித்தான். ஒருநாள் லியோனார்டோவின் எழுத்தைக் கண்ணாடியில் காட்டினேன். அவன் அதிகம் பேசவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியிடம் கொடுத்தான். அதற்குப் பிறகு பாட்டி பென்சிலை மட்டும் விட்டுவிட்டார்கள்.

சரி, பெற்றோர் விஷயம். மறைக்க வேண்டாம். 1452 ஏப்ரல் 15-ம் தேதி, இத்தாலியில் வின்சி என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தார். தந்தை பியரோ, பத்திரம் எழுதும் நோட்டரி. தாய் கத்தரீனா. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா அந்தோனியோதான் பேரன் பிறந்த நாளையும் நேரத்தையும் எழுதி வைத்தார். இவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் சாதாரணக் குரலில் சொன்னால் குழந்தை சாதாரணமாகவே எடுத்துக்கொள்ளும், குரலைத் தாழ்த்தினால்தான் சிக்கல். அதைவிட, அதன் விளைவைச் சொல்லுங்கள். அப்படிப் பிறந்ததால் தந்தையின் தொழிலுக்கு அவர் போக முடியாது. லத்தீன் படிக்கும் பள்ளிப் படிப்பும் வாய்க்கவில்லை. 'எழுத்தறியாதவன்' என்று தன்னையே சொல்லிக்கொண்டார், அனுபவம்தான் என் ஆசிரியர் என்றார். நாற்பது வயதை ஒட்டி, பள்ளிப் பிள்ளை போல லத்தீன் சொற்களை வரிசை வரிசையாக எழுதிப் படித்தார். அந்தப் பட்டியல்களும் இருக்கின்றன. பள்ளியில் பின்தங்கியதாக நினைத்துக் குமைகிற குழந்தைக்கு இதை எடுத்துக் காட்டுங்கள்.

பிணங்களை அறுத்ததையும் சொல்லலாம், ஆனால் படம் காட்ட அவசரம் வேண்டாம். புளோரன்ஸ் மருத்துவமனையில் ஒரு முதியவர், தனக்கு நூறு வயதுக்கு மேல் என்றும் பலவீனத்தைத் தவிர ஒரு நோவும் இல்லை என்றும் லியோனார்டோவிடம் பேசிக்கொண்டிருந்தார். சில மணி நேரத்தில் படுக்கையில் உட்கார்ந்தபடியே அமைதியாக இறந்துபோனார். இவ்வளவு இனிய சாவு எப்படி வந்தது என்று அறியத்தான் அந்த உடலை ஆராய்ந்ததாக எழுதுகிறார். இரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகியிருந்ததைக் கண்டார். இதை இப்படியே சொன்னால் எட்டு வயதுக்கும் புரியும்.

உயிருள்ளவற்றின் மேல் அவருக்கிருந்த இரக்கத்துக்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது. ஆந்த்ரேயா கோர்சாலி என்ற இத்தாலியப் பயணி, 1516-ஐ ஒட்டிக் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குஜராத்திகளைப் பற்றிச் சொல்கிறார்: இரத்தமுள்ள எதையும் உண்பதில்லை, எந்த உயிரையும் துன்புறுத்த விடுவதில்லை, நம் லியோனார்டோவைப் போல. லியோனார்டோ உயிரோடு இருந்த காலம் அது. வசாரி ஒரு கதை சொல்கிறார்: கூண்டுப் பறவைகளைக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவாராம். அதை நம்ப எனக்குத் தடை இல்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். பெற்றோர்கள் கேட்க வேண்டும் என்று நான் காத்திருக்கும் கேள்வி: "என் பிள்ளை எதையும் முடிப்பதில்லை, என்ன செய்வது?"

முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு பையன். 'கோழி வரையுங்கள்' என்றேன். பாடவேளை முழுவதும் அவன் கோழிக் காலை மட்டும் வரைந்துகொண்டிருந்தான். விரல், செதில், நகம், மண்ணைக் கிளறும்போது விரல் மடங்கும் விதம். கோழி இல்லை, கால் மட்டும். "முடிக்கவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிக் குறைந்த மதிப்பெண் போட்டேன். அந்தத் தாள் இன்று என்னிடம் இருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். எனக்கு அது ஆறாத வருத்தம்.

லியோனார்டோ முடிக்காதவர். புளோரன்ஸுக்கு வெளியே ஒரு மடத்துத் துறவிகள் 1481-ல் பீடத்துக்காகக் கேட்ட ஓவியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மிலானுக்குப் போனார். மோனா லிசாவின் கணவர் பட்டு வணிகர், அவர் கைக்கு அந்தப் படம் போய்ச் சேரவே இல்லை, ஓவியரோடு பிரான்ஸுக்குப் போய்விட்டது. மிலானில் சுமார் ஏழு மீட்டர் உயரத்தில் குதிரை ஒன்றைக் களிமண்ணில் செய்து நிறுத்தினார். வெண்கலத்தில் வார்க்க வேண்டும். 1494-ல் அந்த உலோகத்தைப் பீரங்கி செய்ய அனுப்பிவிட்டார்கள். 1499-ல் பிரெஞ்சுப் படை நகரத்துக்குள் வந்து, வில்வீரர்கள் அந்தக் குதிரையைக் குறிபார்த்து எய்து பழகினார்கள். குழந்தைகள் இந்த இடத்தில் உண்மையாகவே கோபப்படுவார்கள். படட்டும்.

அதே மிலானில், இயேசு தன் சீடர்களோடு கடைசியாக உண்டதைக் காட்டும் 'இறுதி இராவுணவு' ஓவியத்தை ஒரு மடத்து உணவுக்கூடச் சுவரில் வரைந்தார். அவர் வேலை செய்ததைப் பார்த்தவர்களில் ஒருவன் மடத்துத் தலைவரின் உறவுச் சிறுவன், பண்டெல்லோ. பிற்காலத்தில் எழுத்தாளரானபோது அதைப் பதிவு செய்தார். சில நாள் விடியலிலிருந்து இருட்டும்வரை சாப்பாடு தண்ணீர் இல்லாமல் வரைவாராம். சில நாள் தூரிகையையே தொடாமல் படத்தின் முன் நிற்பார். சில நாள் உச்சிவெயிலில் வேகமாக வந்து, ஒன்றிரண்டு தீற்றல் தீட்டிவிட்டுப் போய்விடுவார். நிற்பதும் வேலைதான் என்று அந்தச் சிறுவனுக்குப் புரிந்திருக்கிறது. ஈரச் சாந்தில் வரைந்தால் காய்வதற்குள் முடிக்க வேண்டும், இந்த நிதானத்துக்கு அது ஒத்துவராது. அதனால் காய்ந்த சுவரில் வரைந்தார். சில ஆண்டுகளிலேயே வண்ணம் உதிர ஆரம்பித்துவிட்டது. அவர் செய்தது தவறிப்போனது என்பதையும் குழந்தையிடம் சொல்லுங்கள்.

எந்த வயது என்றால், இப்போதே. அடுத்த அமாவாசை கழித்து மூன்றாம் பிறை பார்க்க மாடிக்கு அழைத்துப் போங்கள். பிறையின் மீதி வட்டமும் மங்கலாகத் தெரியும். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? பூமியில் பட்ட வெயில் திரும்பி நிலவுக்குப் போகிறது என்று லியோனார்டோ எழுதினார், கலிலியோ தொலைநோக்கியில் நிலவைப் பார்ப்பதற்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு. நிலவிலும் கடல் இருப்பதாக நினைத்தது மட்டும் தவறு. பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள், அவள் யோசிக்கட்டும்.

புருவக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பரவாயில்லை. மோனா லிசா படத்தை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்து, அந்த அத்தைக்குப் புருவம் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று அவளே சொல்லட்டும். அந்தத் தாளை எனக்கு அனுப்பி வையுங்கள், அடுத்த வாரம் இங்கே காட்டுகிறேன்.