நாள் தள்ளிப் போன அன்றிலிருந்து

(பல்லடம் பக்கத்து ஊர் ஒன்றின் நூலகத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை கூடிய இளம் கணவர்களிடம், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம். வாரத்தில் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம்.

முப்பத்தொரு வருஷம் இந்தப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாக நடந்திருக்கிறேன். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்குள் நுழைந்தால், மாமியார் பாய் போடுவார். அந்தப் பெண் வந்து எதிரில் உட்காருவாள். வீட்டுக்காரர் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீங்க பேசிட்டு இருங்க நர்ஸம்மா" என்று சொல்லிவிட்டுத் தறிக்குடோனுக்குக் கிளம்பிவிடுவார். அவர் மேல் நான் தப்பு சொல்ல மாட்டேன். அவரை உட்கார வைத்துப் பேச எங்களுக்கும் பழக்கமில்லை. கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பியதோடு அவரை மறந்துவிடுவோம். அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதும் மறு பேச்சில்லாமல் சரி என்றேன்.

நம் வழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வயிறு நன்றாகத் தெரிந்து, குழந்தை பலமாக உதைக்கிற கடைசி மாசங்களில் அவள் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டாள். ஆகவே முதல் குழந்தை விஷயத்தில் கணவனுக்கென்று கிடைக்கிற காலம் அதற்கு முந்தின மாசங்கள்தான். அதில் ஆரம்ப மாசங்களில் வெளியே ஒன்றும் தெரியாது என்பதால், 'இன்னும் நாள் இருக்கே' என்று நீங்கள் இருந்துவிடுகிறீர்கள். எனக்கு இன்றைக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒரு விஷயம்தான். உங்கள் பங்கு வயிறு தெரியாத முதல் மூன்று மாசத்திலேயே தொடங்கிவிடுகிறது.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு சின்னக் குழாய் மாதிரி உருவாகும். கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாளில் அந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால், நாள் தள்ளிப் போய் இரண்டு வாரத்துக்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அது சரியாக மூடத்தான் ஃபோலிக் அமில மாத்திரை. தினம் 400 மைக்ரோகிராம், முதல் மூன்று மாசம். கல்யாணமாகிக் குழந்தை வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்தே அதைச் சாப்பிட்டால் இன்னும் நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறோம். "அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் டாக்டரைப் பார்க்கலாம்" என்று கணவர் சொன்னதால் அந்த இரண்டு வாரத்தைத் தவறவிட்ட எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டில் இரண்டு கோடு வந்தால், மறுநாள் காலை அவளை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

போனதும் பதிவு செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். பிக்மி எண் என்று ஒன்று கொடுப்பார்கள், அதைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் கூடவே வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு. அதில் 14,000 தவணை தவணையாக அவள் கணக்குக்கு வரும், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். அந்தப் பணம் அவள் உடம்புக்காக வருகிறது தம்பி. தயவுசெய்து அதைச் சீட்டுக்கும் வட்டிக்கும் திருப்பாதீர்கள்.

வாரக் கணக்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு தம்பி. மனைவிக்கு நாள் தள்ளிப் போய், ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டில் ஏழு வாரம் என்று போட்டிருந்தது. அவர் ஊருக்கு வந்தே ஐந்து வாரமும் சில நாளும்தான். வாயைத் திறந்து யாரிடமும் கேட்கவில்லை. நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் அவள் அழுதுகொண்டே ஊசி போட்டுக்கொள்ள வந்தாள். நான் அவரைக் கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இறக்கி வைத்து எண்ணிக் காட்டினேன். கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் எண்ணுவார்கள். அங்கிருந்து 280 நாள் பிரசவத் தேதி. கரு உண்டாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே ஏழு வாரம் என்றால் கருவுக்கு வயசு ஐந்து வாரம். அந்தத் தம்பி அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இதைப் பள்ளிக்கூடத்திலேயே ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த நாலு நாள் வந்தே இருக்காது.

அப்புறம் மசக்கை. பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் ஆரம்பித்து, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், நாலாம் மாசத்தில் மெல்ல அடங்கும். காலையில் மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள், சிலருக்கு ராத்திரி முழுக்க இருக்கும். "எங்கம்மா நாலு பெத்தாங்க, ஒரு நாள் படுத்ததில்ல" என்ற பேச்சு மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. சோறு கொதிக்கிற வாசம், தாளிக்கிற வாசம், பீடி சிகரெட் வாசம் எதுவும் அப்போது அவளுக்கு ஆகாது. விசைத்தறி ஓட்டுகிற ஒரு தம்பி, தான் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி வாந்தி எடுப்பதைக் கவனித்திருக்கிறார். அவர் மேல் இருந்த மெஷின் எண்ணெய் வாசம்தான் காரணம். அதிலிருந்து குடோன் குழாயிலேயே குளித்து, கொண்டுபோன வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் இதை என்னிடம் சொன்னபோது முகத்தில் இருந்த பெருமையை என்னால் மறக்க முடியாது.

காலையில் அவள் எழுந்திருப்பதற்கு முன்பே கொஞ்சம் பொரியோ ரஸ்க்கோ தலைமாட்டில் வைத்துவிடுங்கள். அடுப்படி வேலையை இரண்டு மாசம் நீங்கள் பாருங்கள், ரசம் சோறு வைக்கத் தெரிந்தால் போதும். ஆனால் தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி வந்து, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். பச்சரிசி, சாம்பல், செங்கல் தூள் என்று தின்னத் தோன்றுகிறது என்றால் அதை ஆசை என்று விடாமல் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி, தலைசுற்றல், மயக்கம், ரத்தக்கசிவு இதெல்லாம் வந்தால் 108ஐ அழையுங்கள். கரு கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உங்கள் ரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். "எனக்கெதுக்கு ஊசி, அவதானே மாசமா இருக்கா" என்று கேட்காத கணவரைப் பார்ப்பது அபூர்வம். அவள் ரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்து உங்கள் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால், அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வராமல் காக்கிற ஆன்ட்டி-டி ஊசி அவளுக்குத் தேவைப்படும். கரு கலைந்தாலும் அதைப் போட வேண்டியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி., பால்வினை நோய்ப் பரிசோதனையை இரண்டு பேரும் சேர்ந்தே செய்துகொண்டால் அவள் மட்டும் தனியாகக் கூச்சப்பட வேண்டியதில்லை. பீடி சிகரெட்டை விட்டுவிடுங்கள், அந்தப் புகை அவளுக்குள் இருக்கும் குழந்தை வரைக்கும் போகிறது. ஆணா பெண்ணா என்று ஸ்கேன் அறையில் கேட்காதீர்கள். 1994ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம்.

இனி சொல்லப்போவது சொல்லக் கஷ்டமானது. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து பதினைந்தாவது தானாகக் கலைந்துவிடும். பெரும்பாலும் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். அதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கரு உருவாகும்போதே குரோமோசோமில் நேர்ந்த கோளாறு. யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? ஒரு வீட்டில் நானே உட்கார்ந்திருந்தேன். கரு கலைந்து மூன்றாம் நாள். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். பப்பாளி தின்றாளா, குடம் தூக்கினாளா, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாளா என்று. அவள் கணவர் வாசலில் நின்றிருந்தார், அவ்வளவாகப் பேசாத ஆள். உள்ளே வந்து, "அம்மா, யார் மேலயும் தப்பில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இந்த வீட்ல இனிமே இதைப் பத்திக் கேக்காதீங்க" என்றார். அந்தப் பெண் அப்போதுதான் திரும்பிப் படுத்தாள்.

அதே தம்பி ஆறு மாசம் கழித்து என்னைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தார். "நர்ஸம்மா, எல்லாரும் அவளுக்கு ஆறுதல் சொன்னாங்க. நான் தறிக்குப் போயிட்டேன். சத்தத்துல அழுதா யாருக்கும் கேக்காதுல்ல" என்றார். நானும் அன்றைக்கு அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று உங்கள் முன்னால் அதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மாசம் வரை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் பெரியவர்கள் சொல்வது. கலைந்துவிட்டால் ஊருக்கே பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலையில் வந்த வழக்கம் அது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் உங்களுக்கென்று ஒரு ஆளிடமாவது சொல்லி வையுங்கள். அண்ணனோ, மச்சானோ, கூட வேலை செய்கிற நண்பனோ. நல்லதானாலும் கெட்டதானாலும் பகிர்ந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும். இன்னொரு விஷயம், கரு கலைந்தால் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு சட்டப்படி சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ.யிலும் உண்டு. பனியன் கம்பெனிகளில் எத்தனையோ பெண்களுக்கு இது தெரியாது. அவளுக்காக நீங்கள் போய்க் கேளுங்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டு கோடு பார்த்ததும் சந்தோஷம் வராமல் வயிற்றைப் பிசைந்தால் நீங்கள் கெட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். கடன் இருக்கும், வாடகை இருக்கும், நம்மால் முடியுமா என்று இருக்கும். "எங்கப்பா என்னைத் தூக்கினதா ஞாபகமே இல்ல. எனக்கு எப்படித் தூக்கத் தெரியும்?" என்று என்னிடம் ஒருவர் கேட்டார். அவருக்கு அன்றைக்கு நான் சொன்னது, அப்பாவிடம் போய் இதைக் கேளுங்கள் என்பதுதான். கேட்டிருக்கிறார். மகன் பிறந்த வருஷம் மில்லில் இரண்டு ஷிப்ட் பார்த்ததாகவும், வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும், எழுப்ப மனசு வராது என்றும் அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார். இருபத்தேழு வருஷம் கழித்து அப்பனும் மகனும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. அதற்கப்புறம் அந்தத் தம்பி தன் முதலாளியிடம் பேசி நைட் ஷிப்டைக் குறைத்துக்கொண்டார். குழந்தை பிறந்த பிறகு கேட்டால் கிடைக்காது, மூன்றாம் மாசத்திலேயே கேட்டு வைத்ததால் கிடைத்தது. மத்திய அரசு வேலை என்றால் அப்பாவுக்குப் பதினைந்து நாள் விடுப்பு விதியிலேயே உண்டு. தனியாரில் அப்படிச் சட்டம் இல்லை, அதனால் இப்போதே பேசி வையுங்கள்.

பயம் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கத்தைக் கெடுத்தால், எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசுவார்கள். சில ஆண்களுக்கு மனைவியைப் போலவே குமட்டலும் வயிற்று உப்புசமும்கூட வருவதுண்டு. வெட்கப்பட வேண்டாம்.

முதல் ஸ்கேனுக்குக் கூடப் போங்கள். ஏழாவது வாரத்தில் கரு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் இதயம் நிமிஷத்துக்கு நூற்றிருபது தடவைக்கு மேல் துடிக்கும். பல இடங்களில் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிடுவார்கள். "ஒரு நிமிஷம் நானும் பார்க்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்காததால்தான் பல பேர் பார்க்கவில்லை.

பின்வரிசையில் ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கை தூக்கலாமா வேண்டாமா என்று இருக்கிறார். எழுந்திரிங்க தம்பி, கூச்சப்படாமல் கேளுங்க. உங்க வீட்டில் எத்தனையாவது வாரம்?